பெருமுக்கல் எரிமலையா?

திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போகும் பஸ்சில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். வயல், ஏரி, பனைமரம், மறுபடியும் வயல் என்று போய்க்கொண்டே இருக்கும். திடீர் என்று ஒரு மலை எழும்பும்.

பெரிய மலை அல்ல. ஆனால், தட்டையான பூமியில் தனியாகத் தலை தூக்கி நிற்பதால் கண்ணை இழுக்கிறது. பாறை மேல் பாறை. அதன் மேல் இன்னொரு பாறை. பூதம் ஒன்று கூடையில் கல்லை அள்ளி வந்து, வழியில் கொட்டிவிட்டுப் போனது போல் இருக்கும்.

அதுதான் பெருமுக்கல்.

பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் எரிமலைப் படம் பார்த்த பிள்ளைகள் இந்த மலையைப் பார்த்ததும் கேட்பார்கள்: "அப்பா, இது எரிமலையா? இப்போது அணைந்து போய்விட்டதா?"

அப்பா என்ன சொல்வார்? "சும்மா இரு" என்பார். அல்லது, "ஆமாம்" என்று சொல்லிவிட்டு முறுக்கு வாங்கிக் கொடுப்பார்.

ஆனால் அது நல்ல கேள்வி. அதற்கு நல்ல பதிலும் இருக்கிறது.

பெருமுக்கல் எரிமலை அல்ல. இந்த மலை நெருப்பைக் கக்கியது இல்லை. ஆனால் இந்தக் கல்லும் வெப்பத்தில் பிறந்த கல்தான்! எரிமலைக் கல் பூமிக்கு வெளியே வந்து ஆறியது. பெருமுக்கல் போன்ற கல் பூமிக்கு உள்ளேயே ஆறியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மலை மேல் என்ன இருக்கிறது?

கல்லின் கதைக்குப் போகும் முன், இந்த மலையில் மனிதன் என்ன செய்தான் என்று பார்த்துவிடலாம்.

உச்சியில் சிவன் கோவில் இருக்கிறது. அங்கே சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதை இங்கேதான் தங்கி இருந்தாள் என்றும், வால்மீகி முனிவர் இங்கே இருந்தார் என்றும் ஊரில் கதை சொல்வார்கள்.

கோட்டையும் இருந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தமிழ் மண்ணில் சண்டை போட்ட காலத்தில், புதுச்சேரிக்குப் போகும் வழியைக் காக்க இந்த மலை தேவைப்பட்டது. 'பெருமுக்கல்' என்று சொல்ல ஆங்கிலேயருக்கு நாக்கு வரவில்லை. 'பெர்மாகோயில்' என்று எழுதி வைத்தார்கள்! 1760-ம் ஆண்டு தளபதி அயர் கூட் இந்தக் கோட்டையைப் பிடித்தார். அந்தச் சண்டையில் அவருக்கு முழங்காலில் காயம் பட்டது. 1782-ம் ஆண்டு ஹைதர் அலியின் பக்கம் கோட்டை கை மாறியது.

கோவிலுக்கும் கோட்டைக்கும் எவ்வளவோ முந்தியது ஒன்று இந்த மலையில் உண்டு. குகைப் பாறையில் கீறிய உருவங்கள்! மனிதர், மிருகங்கள், என்ன என்று விளங்காத குறிகள். எழுத்து என்பது இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்னால் வாழ்ந்த மக்கள், கல்லால் கல்லைக் குத்திக் குத்தி உண்டாக்கியவை அவை. அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது. பெயர் தெரியாது. அவர்கள் கை மட்டும் தெரிகிறது.

அந்தக் கீறல் இத்தனை காலம் அழியாமல் இருக்கக் காரணம், அந்தக் கல்.

மூடிய பானை

இட்லி வேகப் பானையை மூடி வைக்கிறோம். மூடியைத் திறந்து பார்க்காமலே, வந்த இட்லியைப் பார்த்து, "நன்றாக வெந்தது", "ஆவி போதவில்லை" என்று வீட்டில் உள்ள பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

கல்லையும் அப்படிச் சொல்லலாம். கல்லுக்குள் இருக்கும் மணிகள், எவ்வளவு சூட்டில், எவ்வளவு அழுத்தத்தில் உண்டானவை என்பதைப் பூகர்ப்ப சாஸ்திரிகள் சோதனை செய்து கண்டுபிடிக்கிறார்கள்.

திண்டிவனம் வட்டாரத்தில் 'சார்னோகைட்' என்ற கருங்கல் மிகுதியாக உண்டு. நீலமும் பச்சையும் கலந்த கறுப்பு நிறம். ஜல்லி வியாபாரத்தில் 'புளூ மெட்டல்' என்று சொல்கிறார்களே, அதில் பெரும்பகுதி இந்தக் குடும்பம்தான்.

இந்தக் கல் எங்கே வெந்தது தெரியுமா? பூமிக்கு அடியில் சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்திலும் அதற்குக் கீழேயும்!

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அங்கே சூடு 700, 800 டிகிரி. மேலே 20 கிலோமீட்டர் உயரத்துக்குப் பாறை ஏறி உட்கார்ந்து அமுக்குகிறது. அந்தப் பானையில் பழைய பாறைகள் வெந்தன. சில உருகின. சில உருகாமலே உருமாறின. பிறகு மெல்ல மெல்ல ஆறின.

மெல்ல ஆறியதால் என்ன ஆயிற்று? மணி பெரிதாயிற்று.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். சர்க்கரைப் பாகை அசைக்காமல் நாள் கணக்கில் விட்டு வைத்தால் கற்கண்டு பிடிக்கும். அடுப்பை விட்டு இறக்கி வேகமாகக் கிளறினால் பொடிப் பொடியாகப் பூக்கும். பாகு ஒன்றுதான். ஆறும் வேகம்தான் வேறு. ஆழத்தில் ஆறிய பாறை கற்கண்டு. எரிமலை வாயில் இருந்து வெளியே கொட்டி, காற்றுப் பட்டுச் சட்டென்று ஆறிய பாறை பொடிச் சர்க்கரை. அதன் மணிகளைச் சாதாரணக் கண்ணால் பார்க்கவே முடியாது. சில சமயம் மணியே பிடிக்காமல் கண்ணாடி போல் ஆகிவிடும்.

கல்லறையில் கிடைத்த பெயர்

சார்னோகைட்! இது என்ன வாயில் நுழையாத பெயர்?

கிழக்கிந்தியக் கம்பெனியில் ஜாப் சார்னாக் என்று ஓர் ஆங்கிலேயர் இருந்தார். 1690-ம் ஆண்டு கல்கத்தாவில் கம்பெனியின் வியாபாரத் தலத்தைத் தொடங்கியவர் அவர். சில ஆண்டுகளில் அங்கேயே இறந்து போனார். அவருடைய கல்லறை மேல் ஒரு கருங்கல்லை வைத்தார்கள்.

இருநூறு ஆண்டு கழிந்தது. தாமஸ் ஹாலந்து என்ற பூகர்ப்ப சாஸ்திரி சென்னையைச் சுற்றி உள்ள பாறைகளை ஆராய்ந்து வந்தார். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கும் கல்லும், கல்கத்தாவில் இருக்கும் கல்லறைக் கல்லும் ஒரே கல் என்று கண்டார். வங்காளத்துக்கு அந்தக் கல் நம் ஊரில் இருந்து போயிருக்கிறது! 1893-ம் ஆண்டு, சார்னாக்கின் பெயரையே அந்தக் கல்லுக்கு வைத்துவிட்டார்.

இன்று உலகத்தில் எந்த நாட்டில் அந்த வகைப் பாறை கிடைத்தாலும் அதற்குப் பெயர் சார்னோகைட்தான். கல் பல்லாவரத்துக் கல். பெயர் மட்டும் வெள்ளைக்காரர் பெயர். வெட்டி எடுத்த கல் தச்சனின் பெயரை யார் கேட்டார்கள்?

வயது எத்தனை?

வட தமிழ்நாட்டில் உள்ள இந்த வகைப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு.

இதை எப்படிக் கணக்குப் போட்டார்கள்? பாறைக்குள் 'சிர்கான்' என்று மிகச் சிறிய மணிகள் இருக்கும். அவற்றுள் யுரேனியம் என்ற உலோகம் கொஞ்சம் அகப்பட்டுக்கொண்டிருக்கும். யுரேனியம் சும்மா இருக்காது. மெல்ல மெல்ல ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். அதன் முக்கிய வகையில் பாதி ஈயமாக மாற சுமார் 447 கோடி ஆண்டு ஆகும். ஆகவே, எவ்வளவு யுரேனியம் மீதி, எவ்வளவு ஈயம் சேர்ந்தது என்று அளந்தால், மணி பிறந்த காலம் தெரிந்துவிடும். மணல் கடிகாரத்தில் கீழே விழுந்த மணலை அளப்பது போலத்தான்.

250 கோடி ஆண்டு என்றால் மனதில் நிற்காது. அதை ஒரே ஒரு நாளாகச் சுருக்கிப் பார்ப்போம். நள்ளிரவு 12 மணிக்குக் கல் பிறந்தது. இப்போது மறு நாள் நள்ளிரவு 12 மணி. இந்த 24 மணி நேரத்தில் தஞ்சைப் பெரிய கோவில் கட்டி எவ்வளவு நேரம் ஆயிற்று? கண் ஒரு முறை இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை!

எரிமலையின் வேர்

"எரிமலை இல்லை" என்று சொல்லிவிட்டோம். ஆனால் திண்டிவனம் பக்கத்தில் எரிமலைக்கு மிக நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் உண்டு.

இந்த வட்டாரத்துக் கல் குவாரிகளில் சில இடங்களில், மற்றப் பாறையின் நடுவே மை போல் கறுத்த கல் சுவர் போல நீண்டு போவதைக் காணலாம். வெட்டி மெருகு ஏற்றினால் முகம் தெரியும். 'பிளாக் கிரானைட்' என்று கப்பல் ஏறிப் போவது அதுதான்.

அது எப்படி வந்தது? பழைய பாறையில் வெடிப்பு விட்டது. கீழே இருந்து உருகிய குழம்பு அந்த வெடிப்பில் ஏறிக்கொண்டது. அங்கேயே உறைந்துவிட்டது.

இப்படிப்பட்ட வெடிப்புகள் வழியாகத்தான் எரிமலைக்குக் குழம்பு போகும். மேலே எரிமலை இருந்திருந்தால், அது கரைந்து போய்க் கோடிக்கணக்கான ஆண்டு ஆயிற்று. வேர் மட்டும் மிச்சம். பட்ட மரத்தின் வேரைத் தோண்டி எடுத்து விற்பது போல, அந்த வேரைத்தான் இப்போது வெட்டி விற்கிறோம்.

வேரை மட்டும் பார்த்தால் போதாது, மரத்தையே பார்க்க வேண்டும் என்றால்? ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போக வேண்டும்.

பாலைவனத்துத் தம்பி

ஜோத்பூர் நகரத்தின் நடுவே செங்குத்தான ஒரு பாறை மலை. அதன் மேல் மெஹ்ரான்கர் என்ற பிரம்மாண்டமான கோட்டை. 1459-ம் ஆண்டு ராவ் ஜோதா என்ற அரசர் கட்டத் தொடங்கியது. பெருமுக்கல்லைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் புதிதாக இருக்காது. இங்கேயும் கல் மேல் கோட்டை, அங்கேயும் கல் மேல் கோட்டை.

ஆனால் அது உண்மையான எரிமலைக் கல்! 'ரயோலைட்' என்று பெயர். சுமார் 75 கோடி ஆண்டுக்கு முன் அந்தப் பகுதியில் எரிமலைகள் வெடித்தன. 50 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் அந்தப் பாறை பரவி இருக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மாலானி' எரிமலைப் பாறை என்று அதைச் சொல்வார்கள். நமது ஒரு நாள் கணக்கில் மாலை 5 மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது வெடித்தது. அதனால்தான் தம்பி.

எல்லா எரிமலையும் ஒரே மாதிரி வெடிப்பது இல்லை. சில எரிமலைகளில் குழம்பு ரசம் போல் இளகி இருக்கும். அது ஆறு போல் ஓடும். மாலானிக் குழம்பு அப்படிப்பட்டது அல்ல. அல்வாப் பதம்! அதற்குள் வாயு அகப்பட்டுக்கொண்டது. வெளியே வர வழி இல்லை. முட்டி முட்டிக் கடைசியில் வெடித்தது. குழம்பு சுக்கு நூறாகிச் சாம்பலாகக் கிளம்பியது. தணல் போல் தகிக்கும் சாம்பல் மேகம் தரையோடு தரையாகப் பாய்ந்தது. கீழே படிந்த சாம்பல், ஆறுவதற்குள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பாறையாகிவிட்டது. பற்றவைத்த இரும்பு போல் ஒட்டிய அந்தச் சாம்பல் கல்லை ஜோத்பூரில் இன்றும் தொட்டுப் பார்க்கலாம். இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சித் துறை அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

சில இடங்களில் கல் தூண் தூணாக நிற்கிறது. தச்சன் செதுக்கியது அல்ல. கனமான பாறை ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது வெடிக்கும். ஏரி வற்றினால் வண்டல் மண் கட்டம் கட்டமாக வெடிக்கிறதே, அது மாதிரி. அந்த வெடிப்பு கீழே வரை இறங்கினால் தூண்.

இன்னொரு வேடிக்கை. பாலைவனத்தில் உள்ள மலை என்றதும், பாலைவனத்திலேயே பிறந்தது என்று நினைக்கிறோம். தவறு! எரிமலை வெடித்தபோது, தார்ப் பாலைவனம் கிடையாது. தரையில் ஒரு புல் பூண்டுகூடக் கிடையாது. செடிகள் கரைக்கு ஏறவே இல்லை.

பிறகு அந்தப் பாறை தேய்ந்தது. தேய்ந்த பாறை மேல் நீர் வந்தது. மணல் படிந்தது. அந்த மணல் கல்லாகியது. மெஹ்ரான்கர் கோட்டையின் சுவர்கள் அந்த மணல்கல்லால் ஆனவை. அதற்குப் பிறகு, சுமார் 30 கோடி ஆண்டுக்கு முன், பனிக்கட்டி வந்தது! ஜோத்பூருக்கு வடமேற்கே பாப் என்ற ஊரில், பனிக்கட்டி இழுத்து வந்து போட்ட உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. அவற்றில் மாலானிக் கல்லும் இருக்கிறது. அப்புறம் காடு வந்தது. ஜெய்சல்மர் பக்கத்தில் ஆகல் என்ற இடத்தில், 18 கோடி ஆண்டுக்கு முந்திய மரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. மலையின் வயதோடு பார்த்தால், பாலைவனம் நேற்றுப் பிறந்த குழந்தை.

கல்லான மரத்தைப் பார்க்க ஜெய்சல்மர் போக முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். பெருமுக்கல்லுக்குத் தெற்கே, அதே விழுப்புரம் மாவட்டத்தில், திருவக்கரை இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்திய கல் மரங்கள் அங்கே உண்டு. நமது கணக்கில் நள்ளிரவுக்கு 12 நிமிடம் இருக்கும்போது விழுந்த மரங்கள்.

கல்லின் ஓசை

பாலைவனத்தில் கல் எப்படித் தேய்கிறது?

பகலில் பாறை கொதிக்கிறது. இரவில் குளிர்கிறது. விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, தோல் உரிகிறது. விடியற்காலையில் பனி ஈரம் வெடிப்பில் இறங்குகிறது. அந்த ஈரத்தோடு உப்பும் போகிறது. வெயில் வந்ததும் ஈரம் காய்கிறது. உப்பு மட்டும் உள்ளே மணி பிடிக்கிறது. மணி வளர வளரக் கல்லைத் தள்ளுகிறது. ஊசி முனை அளவு உப்பு, யானை போன்ற பாறையைப் பிளக்கிறது! காற்று மணலை வாரி அடித்து மிச்சத்தைத் தேய்க்கிறது.

ஆனாலும் மழை குறைவு. அதனால் தேய்வும் மெதுவு.

2006-ம் ஆண்டு, மெஹ்ரான்கர் கோட்டை அடியில் உள்ள பாறை நிலத்தைச் சீர்படுத்தினார்கள். நம் ஊரில் சீமைக் கருவேல மரம் படுத்தும் பாடு தெரியும் அல்லவா? அங்கேயும் அதே மரம்தான். எரிமலைப் பாறையின் வெடிப்பில் வேர் விட்டுக்கொண்டு, வெட்ட வெட்டத் துளிர்த்தது. என்ன செய்தும் போகவில்லை.

கடைசியில் 'கண்ட்வாலியா' என்று சொல்லப்படும் பரம்பரைக் கல் உடைக்கும் தொழிலாளர்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் பாறையைச் சுத்தியலால் தட்டினார்கள். காது கொடுத்துக் கேட்டார்கள். எங்கே பாறை கெட்டி, எங்கே வெடிப்பு ஓடுகிறது என்று ஓசையைக் கேட்டே சொன்னார்கள். அந்த இடத்தில் உளி வைத்து வேரோடு மரத்தை எடுத்தார்கள்.

மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்கு இது புதிது அல்ல. கல்லைத் தட்டி, மணி போல் கேட்டால் ஆண் கல், தாளம் போல் கேட்டால் பெண் கல் என்று பிரிப்பது இங்கே நெடுநாள் வழக்கம். ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் இரண்டு ஊர்த் தொழிலாளிகள், ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமல், ஒரே வித்தையைக் கற்று வைத்திருக்கிறார்கள்.

பூதம் கொட்டிய கல்லா?

பெருமுக்கல்லில் மழை உண்டு. அதனால் இங்கே கதை வேறு.

முன்பு இந்தக் கல்லுக்கு மேலே 20 கிலோமீட்டர் பாறை இருந்தது என்று சொன்னோம். இமயமலையின் எவரெஸ்ட் சிகரம் 9 கிலோமீட்டர் உயரம்கூட இல்லை. அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்! அத்தனையும் மழையிலும் வெயிலிலும் கரைந்து போன பிறகுதான் இந்தக் கல் வெளிச்சத்துக்கு வந்தது.

மேலே இருந்த பாரம் இறங்கியதும், அமுங்கிக் கிடந்த பாறை நிமிர்ந்தது. நிமிரும்போது வெடிப்பு விட்டது. நெட்டுக்கும் குறுக்குமாக வெடிப்புகள். பாறை சதுரச் சதுரமாகப் பிரிந்தது. வெடிப்புகளில் மழைத் தண்ணீர் இறங்கியது. சோப்புக் கட்டியைத் தண்ணீரில் வைத்தால் எது முதலில் கரையும்? மூலைகள்தான். அப்படியே சதுரப் பாறைகளின் மூலைகள் கரைந்து உருண்டையாயின. இடையில் உண்டான களிமண்ணையும் மணலையும் அடுத்தடுத்த மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. உருண்டைகள் மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றுவிட்டன.

பூதமும் இல்லை, கூடையும் இல்லை. தண்ணீர் செய்த வேலை.

மலையில் இருந்து உப்பளத்துக்கு

கரைந்து போன மலை எங்கே போயிற்று?

மரக்காணத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே இருக்கிறது!

கோடையில் மரக்காணம் உப்பளங்களில் பாத்தி பாத்தியாக உப்பு பூத்துக் கிடக்கும். தொழிலாளர்கள் சுட்டெரிக்கும் வெயிலில் நின்று வாரிக் குவிப்பார்கள். அந்த உப்பு கடல் தண்ணீரில் இருந்து வருகிறது. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் முக்கால் பங்குக்கு மேல் நாம் சாப்பிடும் உப்பு.

கடலுக்கு உப்பு எங்கே இருந்து வந்தது? சாப்பாட்டு உப்பு இரண்டு பொருள் சேர்ந்தது. ஒன்று சோடியம், மற்றது குளோரின். சோடியம் பாறையில் இருந்து வந்தது. கருங்கல்லில் வெள்ளையாக மின்னும் மணிகளில் சோடியம் இருக்கிறது. மழை அதைக் கரைத்து, ஓடையில் சேர்த்து, கடலில் கொண்டுபோய் விட்டது. குளோரின் பெரும்பாலும் எரிமலைகளின் மூச்சில் இருந்து வந்தது. ஆதி காலத்தில் எரிமலைகள் விட்ட வாயு மழையோடு இறங்கிக் கடலில் கலந்தது.

ஆழத்துக் கல் ஒரு பாதி. எரிமலை ஒரு பாதி. இரண்டும் சேர்ந்து சாம்பாரில்!

இந்த வேலை இன்றும் நிற்கவில்லை. இந்த வட்டாரத்து மழைத் தண்ணீர் ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து, கழுவெளியில் சேர்ந்து, மரக்காணம் அருகே கடலைத் தொடுகிறது. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் மலை கொஞ்சம் கரைந்து கடலுக்குப் போகிறது.

ராஜஸ்தானிலும் உப்பு உண்டு. மாலானி மலைகள் இருக்கும் அதே பகுதியில் பச்பத்ரா என்ற ஊர். கடல் கிடையாது. குழி வெட்டி, ஊறும் உப்பு நீரில் முள் செடிக் கிளைகளைப் போட்டு வைப்பார்கள். கிளைகளில் உப்பு மணி பிடிக்கும். நம் ஊரில் பாகில் நூல் கட்டிக் கற்கண்டு எடுப்பது போல!

மலை பெற்ற உப்பு, மலையையே தின்னவும் செய்யும். மாமல்லபுரம் கடற்கரைக் கோவிலில், உப்புக் காற்று பட்டுப் பட்டுச் சிற்பங்களின் மூக்கும் விரலும் மழுங்கிவிட்டதைப் பார்த்திருப்பீர்கள். நனைத்த காகிதக் கூழைக் கல்லில் அப்பி, உப்பை உறிஞ்சி எடுக்கத் தொல்பொருள் துறையினர் முயன்று வருகிறார்கள். 1,300 ஆண்டில் கடற்கரைக் கோவிலுக்கு அந்த நிலை. பெருமுக்கல் கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பது குகைக் கீறல்களின் அதிர்ஷ்டம்.

வெடிச் சத்தம்

மழையாலும் உப்பாலும் வரும் தேய்வு மிக மெதுவானது. இன்னொரு தேய்வு அப்படி அல்ல.

திண்டிவனம், வானூர் வட்டாரங்களில் கல் குவாரிகள் பல இருக்கின்றன. முன்பு சம்மட்டியும் உளியும் ஆப்பும்தான். ஒரு ஆள் ஒரு நாள் முழுதும் உடைத்தாலும் சில கூடை ஜல்லிதான் தேறும். இப்போது எந்திரத்தால் துளை போட்டு, வெடி வைத்து, கிரஷரில் கொட்டினால், காலையில் பாறையாக இருந்தது மாலையில் லாரியில் ஏறிவிடும்.

குவாரியே கூடாது என்று சொல்வது எளிது. ஜல்லி இல்லாமல் வீடு ஏது, ரோடு ஏது? இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் பலர், இந்த வகைக் கல்லால் போட்ட தளத்தின் கீழேதான் உட்கார்ந்திருப்பார்கள். கல் உடைத்துக் குழந்தைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் எந்தக் கல்லை உடைப்பது, எதை விடுவது என்பதில் கணக்கு வேண்டும். வெடித்தது பக்கத்துப் பாறையாக இருந்தாலும், அதிர்ச்சி நிலத்துக்குள் ஓடும். ஏற்கெனவே வெடிப்பு விட்ட பாறை அந்த அதிர்ச்சியில் இன்னும் திறக்கும். கீறல் உள்ள பாறையில் ஒரு பத்தை உதிர்ந்தால், அதை மறுபடியும் ஒட்ட முடியாது. வேறு இடத்தில் ஜல்லி கிடைக்கும். பெயர் தெரியாத அந்த மனிதன் குத்திய மிருகம் வேறு இடத்தில் கிடைக்காது.

பரங்கிமலையில் சார்னோகைட் பாறைக்குத் தேசிய நினைவுச் சின்னம் என்று மதிப்பு கொடுத்திருக்கிறார்கள். திருவக்கரைக் கல் மரங்களுக்கு வேலி போட்டுப் பூங்கா அமைத்திருக்கிறார்கள். ஜோத்பூரில் எரிமலைப் பாறை நிலத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு மக்கள் நடந்து பார்க்கிறார்கள். கல்லைக் காட்டியும் சம்பாதிக்கலாம் என்பதற்கு அது அத்தாட்சி. பெருமுக்கல்லில் கோவில் இருக்கிறது, கோட்டைக் கதை இருக்கிறது, எழுத்துக்கு முந்திய ஓவியம் இருக்கிறது, கல்லுக்கே ஒரு கதை இருக்கிறது. இத்தனையும் ஒரே மலையில் அமைந்த ஊர்கள் அதிகம் இல்லை.

ஏறிப் பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போவது நல்லது. உச்சி வெயிலில் பாறை காலைச் சுடும். கீறல் உருவங்களும் அப்போது சரியாகத் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான் அவை நிழல் கட்டி எழும்பும். தண்ணீர் எடுத்துப் போங்கள். கீறல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று சாக்குக்கட்டியால் அதன் மேல் வரைய வேண்டாம். பிள்ளைகள் கையில் கல் இருந்தால், அதைக் கீழே போட்டுவிட்டுக் குகைக்குள் போகச் சொல்லுங்கள்.